மானநஷ்ட வழக்கு எதைத் தரும், எதைத் தராது

1895 பிப்ரவரி 18 அன்று, லண்டனில் உள்ள ஆல்பமார்ல் கிளப்பின் வாசல் ஊழியரிடம் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார் குயின்ஸ்பரி பிரபு. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்குச் சேர வேண்டிய கார்டு அது. தன்பாலின உறவுக்காரரைப் போல நடந்துகொள்பவர் என்ற பொருளில் சில சொற்கள் அதில் கிறுக்கப்பட்டிருந்தன. அதிலும் ஓர் எழுத்துப்பிழை. ஊழியர் விவரமறிந்தவர். கார்டை உறையில் போட்டு வைத்திருந்து, பத்து நாள் கழித்து வைல்டு வந்தபோது கையில் கொடுத்தார்.

அதைக் கிழித்துப் போட்டுவிடும்படி நண்பர்கள் சிலர் சொன்னார்கள். வைல்டு கேட்கவில்லை, குயின்ஸ்பரி மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். ஏப்ரல் 3 அன்று விசாரணை தொடங்கியது. எதிர்த்தரப்பு சாட்சிகளைத் திரட்டி வைத்திருந்தது. 5ஆம் தேதி வழக்கு சரிந்தது, அன்று மாலையே வைல்டு கைதானார். மே 25 அன்று அவருக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த உறவையே குற்றமாக்கிய அன்றைய சட்டம் கொடுமையானது என்பது தனிக்கதை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு: ஒரு கிளப் ஊழியரும் குயின்ஸ்பரியும் மட்டும் அறிந்திருந்த நாலைந்து சொற்களை உலகத்துக்கே அறிவித்தது, அவற்றால் புண்பட்டவர் போட்ட வழக்குதான்.

‘மானநஷ்டம்’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிடுகிறது. மானம் என்பது நம் நெஞ்சுக்குள் இருப்பது. சட்டம் காக்க முயல்வது அதையன்று, பெயரை. ‘பெயர் கெட்டுவிட்டது’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயர். அது நம்மிடம் இல்லை, அடுத்தவர் வாயிலும் மனத்திலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அவதூறுச் சட்டத்தின் பெரும்பாலான விதிகள் தாமாகவே விளங்கிவிடும். வழக்குப் போட வருபவர்களில் பலர் ஏமாற்றத்துடன் திரும்புவது ஏன் என்பதும் விளங்கும்.

தனியறையில் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே ‘நீ திருடன்’ என்கிறார். வேறு யார் காதிலும் விழவில்லை. மானம் போயிருக்கலாம், பெயர் போகவில்லை. எனவே அது அவதூறாகாது. அதே சொல்லை மூன்றாமவர் ஒருவர் கேட்டாலோ படித்தாலோ போதும், சட்டத்தின் மொழியில் அது ‘வெளியீடு’ ஆகிவிடுகிறது. குயின்ஸ்பரியின் கார்டு உறைக்குள் இல்லாமல் ஊழியர் கைக்கு வந்த கணத்தில் நடந்தது இதுதான். சங்க அகப்பாடல்களில் இதற்கு நுட்பமான இரண்டு சொற்கள் உண்டு. சிலர் மட்டும் அறிந்து முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பேசுவது அலர். ஒன்று மொட்டு, மற்றொன்று மலர். வழக்குக்கு அம்பலே போதுமானது. அலர் எவ்வளவு தூரம் விரிந்தது என்பது இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போதுதான் பேச்சுக்கு வரும்.

வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்பியவர், ‘நான் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்பார். அந்தச் சமாதானம் பொதுவாக எடுபடாது. ஒரு பழியைத் திரும்பச் சொல்பவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது பழைய விதி. ‘இப்படிப் பேசிக்கொள்கிறார்கள்’ என்று முன்னால் ஒரு வாலைச் சேர்த்துக்கொள்வதாலும் தப்பிவிட முடியாது.

அடுத்த கேள்வி, பழி யார் மீது விழுந்தது என்பது. 1858இல் ஓர் ஆங்கிலேய நீதிபதி சொன்ன உதாரணம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: வக்கீல்கள் எல்லோரும் திருடர்கள் என்று ஒருவர் எழுதினால், குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டும் அடையாளம் எதுவும் அதில் இல்லாதவரை எந்த வக்கீலும் வழக்குப் போட முடியாது. கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் பழி நீர்த்துவிடுகிறது. நடிகை குஷ்பு 2005இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக அவர் மீது 23 புகார்கள் குவிந்தன. பேச்சில் எந்தத் தனிநபரும் எந்தக் குழுவும் குறிவைக்கப்படவில்லை என்று கூறி, 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. மனம் புண்பட்டது வேறு, பெயர் கெட்டது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

பெயரைச் சொல்லாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பதவி, ஊர், தோற்றம் என்று அடுக்கிக்கொண்டே போய்ப் படிப்பவருக்கு ஆளைக் காட்டிவிட்டால் பெயர் எழுதியதற்குச் சமம்தான். இதற்கு நேர்மாறான விபத்தும் நடந்திருக்கிறது. ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தைப் படைத்தது. ஊரில் தேவாலயப் பொறுப்பாளர், பிரான்சுக்குப் போனால் வேறொரு பெண்ணுடன் சுற்றுபவர் என்று வேடிக்கையாக எழுதியது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு பாரிஸ்டர் இருந்தார். தெரியாமல் நடந்தது என்று பத்திரிகை எவ்வளவோ சொல்லியும், அவருக்குக் கிடைத்த 1,750 பவுண்டு இழப்பீட்டை 1910இல் அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. திரைப்படத் தொடக்கத்தில் ‘பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று வருகிறதே, அந்த வழக்கம் பரவியதற்கும் ஒரு மானநஷ்ட வழக்குதான் காரணம். ரஸ்புடினைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்தில் வரும் ஒரு பாத்திரம் தம்மையே குறிக்கிறது என்று ரஷ்ய இளவரசி ஒருவர் வழக்குப் போட்டு, 1934இல் லண்டனில் 25,000 பவுண்டு வென்றார். ஆர்ட்டிமஸ் ஜோன்ஸைப் பார்த்தால், அந்த வாசகம் எல்லா நேரத்திலும் கேடயமாகுமா என்ற சந்தேகம் வருகிறது.

நேரடியாகச் சொல்லாமல் குத்திக்காட்டுவதையும் சட்டம் விட்டுவைப்பதில்லை. 2012இல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி, பெயர் சொல்லாமல் ஓர் அரசியல்வாதி மீது சிறார் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டை வெளியிட்டது. மெக்ஆல்பைன் பிரபுவின் பெயர் ட்விட்டரில் சுற்றத் தொடங்கியது. அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெளிவானது. அதற்குள் நாடாளுமன்ற அவைத்தலைவரின் மனைவி, ‘மெக்ஆல்பைன் பிரபு ஏன் டிரெண்டாகிறார்?’ என்று கேட்டு, ‘அப்பாவி முகம்’ என்றும் சேர்த்து ஒரு வரி போட்டிருந்தார். வெறும் கேள்விதான். அந்த ‘அப்பாவி முகம்’தான் காட்டிக்கொடுத்தது. 2013இல் நீதிமன்றம் அதை அவதூறு என்றது. இந்தியச் சட்டத்திலும், கிண்டலாகவோ ‘இது அல்லது அது’ என்ற வடிவிலோ சொன்னாலும் அவதூறாகலாம் என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கருத்துக்கும் செய்திக்கும் உள்ள கோடு இன்னும் மெல்லியது. ‘அந்த மருத்துவர் நோயாளிகளிடம் பேசும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது கருத்து. ‘தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்து பணம் பறித்தார்’ என்பது செய்தி, அதற்குச் சான்று வேண்டும். செய்தியின் முன்னால் ‘என் கருத்துப்படி’ என்று போட்டுக்கொண்டால் அது கருத்தாகிவிடாது. கடுமையான விமர்சனத்துக்கு இடமுண்டு, அநியாயமான விமர்சனத்துக்குக்கூட ஓரளவு இடமுண்டு. ஆனால் அது எந்த உண்மைகளின் மேல் நிற்கிறது என்பதைப் படிப்பவர் பார்க்க முடிய வேண்டும்.

இனி உண்மை. உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. யார் நிரூபிப்பது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. இங்கிலாந்தில், எழுதியவர்தான் தாம் எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டும். யூதப் படுகொலையை மறுப்பவர் என்று தம்மைச் சொன்னதற்காக டேவிட் இர்விங், வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது வழக்குப் போட்டார். அப்போது, இர்விங் ஆவணங்களைத் திரித்தார் என்பதை லிப்ஸ்டாட் தரப்பு வரிவரியாக எடுத்துக்காட்டி 2000ஆம் ஆண்டில் வென்றது. எவ்வளவு உழைப்பு, எவ்வளவு செலவு! பொய்யர் ஒருவரைப் பொய்யர் என்று சொன்னதற்கு.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று போட்டிருந்தார்கள். மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் தவறு. அலபாமாவில் மாண்ட்கமரி நகரக் காவல் துறைக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவன், விளம்பரத்தில் தம் பெயரே இல்லாதபோதும் வழக்குப் போட்டு, ஜூரியிடம் 5,00,000 டாலர் பெற்றார். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. பொய் என்று தெரிந்தே சொன்னார்கள், அல்லது பொய்யா மெய்யா என்று கவலையே படாமல் சொன்னார்கள் என்று காட்டினால்தான் ஓர் அரசு அதிகாரி இழப்பீடு பெறலாம் என்றது. வேகமான விவாதத்தில் சில பிழைகள் வரத்தான் செய்யும், அவற்றுக்கெல்லாம் தண்டித்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை.

இந்தத் தீர்ப்பின் எதிரொலி இந்தியாவில் கேட்டது ஒரு தமிழ்ப் பத்திரிகை வழக்கில். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடவிருந்தபோது, அதிகாரிகளின் பெயர் கெடும் என்று கூறித் தடுக்கப் பார்த்தார்கள். வெளிவருவதற்கு முன்பே தடைவிதிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் இழப்பீடு கேட்டு அவதூறு வழக்குப் போட முடியாது என்றது. அதிகாரிகளின் பணி சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியதற்கு, உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டது என்று காட்டினால்தான் அவர்கள் இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது.

ஆனால் இது உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும். இந்தியாவில் அவதூறுக்கு இரண்டு கதவுகள் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். அங்கே உண்மை என்பதே முழுமையான பதில். குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை கேட்கலாம். அங்கே உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகிவிட்டன. அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டு வெறுங்காவல். சமூக சேவை விதிப்பதற்கும் இப்போது இடமுண்டு. போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றமன்று இது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் காவல் நிலைய வாசலில் நாட்களைக் கழிப்பவர்கள் நிறையப் பேர்.

பேச்சுக்குச் சிறைத்தண்டனை தேவையா என்பது பழைய விவாதம். இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்து 2009இல் நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2016இல், நற்பெயர் என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறி அதைத் தக்கவைத்தது. என் பார்வையில், குற்றவியல் கதவு இங்கே இவ்வளவு தேயக் காரணம் அதன் நீதி இல்லை, அதன் மலிவு. பல மாநிலங்களில் உரிமையியல் வழக்குக்குக் கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். குற்றவியல் புகாருக்கு அந்தச் சுமை இல்லை. எதிராளி எங்கோ தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். தீர்ப்பு வரும் முன்பே தண்டனை நடந்துகொண்டிருக்கும்.

சில நேரம் தீர்ப்பே பெரிய விளைவைக் கொண்டுவரும். 2019 தேர்தல் பேச்சில் ‘மோடி’ என்ற குலப்பெயரைக் குறித்துச் சொன்னதற்காக 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டு ஆண்டு விதித்தது. இரண்டு ஆண்டு தண்டனை என்றால் நாடாளுமன்றப் பதவி போய்விடும், ஒரு நாள் குறைந்திருந்தாலும் போகாது. அதிகபட்ச தண்டனைக்கு விசாரணை நீதிபதி காரணம் எதுவும் சொல்லவில்லை என்று சுட்டிக்காட்டி, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

வென்றால் கிடைப்பது என்ன? நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ன்ஸ் சூதாட்டத்தில் ஈடுபட்டார் என்று அப்போதைய ஐபிஎல் தலைவர் லலித் மோடி 2010இல் ஒரு ட்வீட் போட்டார். அதை நேரடியாகப் படித்தவர்கள் சுமார் 65 பேர் என்று கணக்கிட்ட லண்டன் நீதிமன்றம், 2012இல் 90,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. இதற்கு எதிர்முனையில் ஆஷ்விட்ஸ் முகாமில் பணிபுரிந்த கைதி மருத்துவர் ஒருவரின் வழக்கு இருக்கிறது. மயக்கமருந்து கொடுக்காமல் 17,000 பரிசோதனை அறுவை சிகிச்சைகளில் பங்கேற்றவர் என்று ஒரு நாவல் சொன்னதை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். எண்ணிக்கை மிகை என்பது உண்மைதான். ஆனால் விசாரணையில் வெளிவந்தவற்றைக் கேட்ட ஜூரி, 1964இல் அவருக்கு அளித்தது அரை பென்னி. நாட்டின் மிகச் சிறிய நாணயம். வழக்கில் வென்றவர் அவர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், துண்டுப்பிரசுரம் விநியோகித்த இரண்டு சாதாரண ஆர்வலர்கள் மீது போட்ட வழக்கு நீதிமன்றத்தில் 313 நாட்கள் நடந்தது. 1997இல் நிறுவனத்துக்கு 60,000 பவுண்டு இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் அது 40,000 ஆகக் குறைந்தது. பிரசுரத்தில் இருந்த சில குற்றச்சாட்டுகள் உண்மை என்றும் அதே நீதிபதி எழுதினார். தெருமுனையில் கசங்கிக் கிடந்திருக்க வேண்டிய காகிதத்தை உலகமே படித்தது. பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003இல் போட்டது அவதூறு வழக்கு இல்லை, அந்தரங்க உரிமை வழக்கு. கதை மட்டும் ஒன்றுதான். தம் வீடு தெரியும் வான்வழிப் படத்தை நீக்கக் கோரி அவர் வழக்குப் போடும் முன் அது பதிவிறக்கப்பட்டது ஆறு முறை, அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள் செய்தவை. வழக்குச் செய்தி பரவிய மாதத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்க்க வந்தார்கள்.

ஆகவே வக்கீலிடம் போகும் முன் ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது: எனக்கு என்ன வேண்டும்? அந்தப் பதிவு மறைய வேண்டுமா, பொய் என்று சொன்னவரே ஒப்புக்கொள்ள வேண்டுமா, வேலையோ வியாபாரமோ போனதற்குப் பணம் வேண்டுமா, எதிராளி அலைய வேண்டுமா? நான்குக்கும் நான்கு வழிகள். எல்லாவற்றையும் ஒரே நோட்டீஸில் கேட்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை.

பதிவு மறைய வேண்டும் என்றால் தளத்திடம் புகார் செய்யலாம். தளம் மறுத்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். 2015ஆம் ஆண்டின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்புக்குப் பிறகு, இந்தியாவில் தளங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போதான், தனிநபரின் புகார் இல்லை. செய்திக் கட்டுரைக்கு இடைக்காலத் தடை வாங்குவதும் எளிதன்று. விசாரணைக்கு முன்பே தடைவிதிப்பது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று 2024இல் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லியிருக்கிறது.

எந்த வழியானாலும் முதல் வேலை சான்றைச் சேர்ப்பது. பதிவின் முழுப் படம், இணைப்பு முகவரி, தேதி, நேரம், யார் யார் பார்த்தார்கள் என்ற விவரம். அது வந்த கைபேசியை மாற்றாமலும் அழிக்காமலும் வைத்திருப்பது நல்லது. மின்னணுச் சான்றுக்கு இந்தியாவில் சட்டப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கோபத்தில் அதே குழுவில் பதிலடி எழுதுவதுதான் மிகப் பெரிய தவறு. எதிராளியின் குடும்பத்தை இழுத்து எழுதிய அந்தப் பதிலே அடுத்த வழக்காகிவிடும். ஆறப்போட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து. உரிமையியல் வழக்குக்கு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கெடு ஓராண்டுதான். மற்ற பல வழக்குகளுக்கு உள்ள கெடுவை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் வக்கீலிடம் வந்து நிற்பவர்கள் உண்டு.

நோட்டீஸ் வாங்கியவருக்கும் ஒரு சொல். தவறு என்று தெரிந்தால் உடனே திருத்துவது பலவீனமன்று, பின்னால் இழப்பீட்டைக் குறைப்பதும் அதுதான். உண்மை என்று உறுதியாகத் தெரிந்தால், மிரட்டலுக்குப் பயந்து பதிவை அழிக்கும் முன் ஆதாரங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். பல நோட்டீஸ்கள் வழக்காக மாறுவதே இல்லை.

இந்தியாவில் அவதூறுக் குற்றம், இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளக்கூடியது. பெரிய பெரிய வழக்குகளும் கடைசியில் ஒரு பத்தி மன்னிப்பில் முடிந்திருக்கின்றன. 10 கோடி ரூபாய் கேட்டு அருண் ஜேட்லி போட்ட வழக்கு, 2018இல் அரவிந்த் கெஜ்ரிவால் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது. அந்தப் பத்தியின் வாசகத்தில்தான் பேரம் நடக்கும். ‘மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று எழுதிக் கொடுக்க எல்லோரும் தயாராக இருப்பார்கள். அது மானத்துக்கு ஆறுதல், பெயருக்கு ஒரு பயனும் இல்லை. ‘நான் சொன்னது பொய், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை’ என்ற வரியைக் கேட்க வேண்டும். அந்த வரி, பழி எங்கே வந்ததோ அதே இடத்தில், அதே குழுவில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும், இத்தனை நாள் நீக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்தான மறுநாளே அந்தப் பதிவையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.